மரக்கன்று நிதி: மூன்று கோடைக்கும் சேர்த்துக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தையொட்டி மதுரையில் மரக்கன்று நடும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகின்றன. நட்டவர்களின் அக்கறையில் சந்தேகமில்லை. நட்ட மாதம்தான் தவறு. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் காலம் அது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு ஆனியும் ஆடியும் காற்றடித்து மண்ணைக் காயவைக்கும் மாதங்கள். கத்திரி வெயில் முடிந்த கையோடு வைக்கும் கன்றுக்கு உருப்படியான மழை கிடைக்க நான்கு மாதம் ஆகும். அதுவரை அது லாரித் தண்ணீரில் உயிர் பிழைக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை.

ஜூன் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. வேம்பும் நாவலும் இலுப்பையும் பழுத்து உதிர்வது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். நாவல், இலுப்பை விதைகளைக் காயவிட்டாலே போச்சு. ஆகவே அன்றைக்குப் பிள்ளைகள் கையால் பையில் விதை ஊன்றச் செய்யலாம். அடுத்த ஆண்டு ஐப்பசியில் அது பதினாறு மாதக் கன்றாக, நடுவதற்குத் தயாராக நிற்கும். நடவை அக்டோபரில், நிலம் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடிதம் பணத்தைப் பற்றியது. குடியிருப்போர் நலச் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், பள்ளிகளின் முன்னாள் மாணவர் அமைப்புகள் என்று பலரும் மரம் வளர்க்க நிதி கேட்டு விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலும் கன்று விலை, குழிக் கூலி, கூண்டு, பேனர், சிற்றுண்டி என்று நடவு நாளோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. மரம் சாவது அதற்கடுத்து வரும் மூன்று கோடைகளில். அந்த மூன்று கோடைக்கான செலவை எழுதாத விண்ணப்பத்துக்குப் பணம் கிடைத்தாலும் மரம் கிடைக்காது.

500 கன்றுக்குத் தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஆண்டு ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்றால் மொத்தம் 10,000 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் இரண்டு நடை. மழை ஓய்ந்தபின் ஜனவரியில் வாரம் ஒருமுறையாக 4 தடவை. பிப்ரவரி முதல் ஜூன் வரை 21 வாரம், வாரம் இருமுறையாக 42 தடவை. ஜூலை முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறையாக 13 தடவை. ஆக 59 தடவை, 118 நடை. இரண்டாம் ஆண்டு பிப்ரவரி–செப்டம்பரில் வாரம் ஒருமுறை கன்றுக்கு 30 லிட்டர்: 34 தடவை, தடவைக்கு மூன்று நடை வீதம் 102 நடை. மூன்றாம் ஆண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை 40 லிட்டர்: 17 தடவை, நான்கு நடை வீதம் 68 நடை. மூன்றையும் கூட்டினால் 288 நடை. உங்கள் பகுதியில் ஒரு நடை 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,72,800 ரூபாய். கன்று ஒன்றுக்கு 346 ரூபாய் தண்ணீருக்கு மட்டும். கன்றை வனத்துறை நாற்றங்காலில் இலவசமாகவே வாங்கியிருப்பீர்கள். கோடைமழை பெய்தால் நடை குறையும். அதை நம்பி மதிப்பீட்டைக் குறைத்து எழுதக் கூடாது. மிச்சமானால் மாற்றுக் கன்றுக்குப் பயன்படும். சித்திரைத் திருவிழாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் நகருக்குள் டேங்கர் நகர முடியாது. வருடத்தின் கடும் வெயிலும் அப்போதுதான். அந்த வாரத் தண்ணீரை முன்கூட்டியே நிரப்பிவைக்க இரண்டு சின்டெக்ஸ் தொட்டியாவது மதிப்பீட்டில் இருக்கட்டும்.

இந்தச் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. குழியோரத்தில் 3 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டை இரண்டடி ஆழத்துக்குச் சாய்வாகப் பதித்து அதற்குள் தண்ணீர் ஊற்றினால் வேர்மட்டத்துக்கே போகும். மேற்பரப்பில் ஆவியாவது குறையும். தூரைச் சுற்றி மூன்றடி வட்டப் பாத்தி கட்டி மூடாக்குப் போட வேண்டும். வைக்கோல் போட்டால் மாடு தின்றுவிடும், கூடவே கன்றையும் கடிக்கும். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் கிடைக்கும் தேங்காய் மட்டைதான் நம் ஊருக்குத் தோது. மட்டையைத் தூரில் ஒட்ட வைக்காமல் நான்கு விரல் தள்ளி அடுக்க வேண்டும். ஒட்டிக் கிடந்தால் கரையான் பட்டைக்கு ஏறிவிடும்.

விண்ணப்பத்தில் முதலில் உறுதிசெய்ய வேண்டியது நிலம். நிராகரிப்புகளில் பெரும்பங்கு இங்கேதான். ‘எங்கள் தெருவில் உள்ள காலி இடம்’ என்று எழுதினால் நிதி தருபவர் என்ன செய்ய முடியும்? சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, புல வரைபடம், வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகல் அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், நில உரிமையாளரின் தடையின்மைச் சான்று ஆகியவை விண்ணப்பத்தோடு போக வேண்டும். மனைப்பிரிவு அனுமதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளி நிலம் தானப் பத்திரம் மூலம் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ வந்திருக்கும். பத்திர நகலைக் கேட்டு வாங்குங்கள். பத்திரமே பதியாமல் கிடக்கும் ‘பூங்கா இட’ங்களும் இருக்கின்றன, அங்கே நட்டால் பிறகு யாராவது பட்டாவோடு வந்து நிற்பார். மாநகராட்சி நிலமென்றால் மண்டல அலுவலகத்தில் கேட்டு, ஆணையர் பெயரில் எழுத்தாக வாங்க வேண்டும். மாமன்ற உறுப்பினரின் வாய்மொழிச் சம்மதம் அடுத்த தேர்தல் வரைதான் தாங்கும்.

கண்மாய்க்கரையில் நட விரும்புகிறவர்கள் முதலில் அது யாருடைய கண்மாய் என்று பார்க்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளது ஊராட்சி ஒன்றியக் கண்மாய். அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறைக் கண்மாய். நீர்ப்பிடிப்புக்குள் நட எந்த அலுவலரும் அனுமதி தர முடியாது, தரவும் கூடாது. கரையின் மேல்மட்டத்திலும் வேண்டாம். தூர்வார, கரை பலப்படுத்த ஜே.சி.பி. வரும்போது முதலில் போவது அந்தக் கன்றுகள்தான். வெளிச்சரிவின் அடியில், வண்டிப் பாதைக்கு மூன்று நான்கு மீட்டர் விட்டு நட அனுமதி கேளுங்கள். கரையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் பனை. அதன் வேர் மண்ணைப் பிடிக்குமே தவிரக் கரையைப் பிளக்காது. தண்ணீர்ச் செலவும் கிடையாது. ஆவணி, புரட்டாசியில் பத்தடிக்கு ஒரு கொட்டையாகப் புதைத்தால் போதும். படத்தில் பச்சையாகத் தெரிய ஆண்டுகள் ஆகும் என்பதால் நிதி தருபவர்கள் பனையை விரும்புவதில்லை. அவர்களிடம் எடுத்துச் சொல்வதும் விண்ணப்பிப்பவரின் வேலை.

மாநில நெடுஞ்சாலை ஓரம், ரயில்வே நிலம், கோயில் நிலம் எல்லாவற்றுக்கும் அந்தந்தத் துறையின் எழுத்து வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. எந்தத் துறை என்று குழப்பமான இடங்களை அங்கே மனுவாகக் கொண்டுபோகலாம்.

இனி, பணம் எங்கே இருக்கிறது என்பது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வனம் மற்றும் மரப்பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்ற இலக்கு கொண்டது. அதன் மூலம் முக்கியமாகக் கிடைப்பது கன்று. ரொக்கத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மத்திய அரசின் நகர்வனத் திட்டம் 2020-இல் வந்தது. 10 முதல் 50 ஹெக்டேர் வரை நகர்வனம், 1 முதல் 10 ஹெக்டேர் வரை நகர்ச்சோலை. ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய். சங்கங்கள் இதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. மாவட்ட வன அலுவலர் வழியாக மாநில வனத்துறைதான் முன்மொழிவு அனுப்பும். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு மேல் மாநகராட்சி நிலம் சும்மா கிடக்கிறது என்று ஆவணத்தோடு காட்டி மனுக் கொடுப்பது சங்கத்தால் முடியும். 4 லட்சம் பெரிய தொகையாகத் தோன்றும். மூன்று மீட்டருக்கு ஒன்று வீதம் ஒரு ஹெக்டேரில் 1,111 கன்று நட்டால், வேலி உட்பட எல்லாம் சேர்த்துக் கன்றுக்கு 360 ரூபாய்தான். மேலே போட்ட தண்ணீர்க் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஆழ்துளைக் கிணறோ அருகில் நீராதாரமோ இல்லாத நிலத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது விளங்கும்.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட, மீதியை அரசு போடும். 9 லட்சம் ரூபாய் பூங்கா வேலைக்கு 3 லட்சம் திரட்ட வேண்டும். இதில் கட்டுமான வேலை நன்றாக நடக்கும். சுற்றுச்சுவர், நடைபாதை, தொட்டி, குழாய் ஆகியவற்றை இதில் முடித்துவிட்டுக் கன்றுக்கும் பராமரிப்புக்கும் வேறு நிதி தேடுவது நல்லது. விவசாய நிலமென்றால் வேளாண் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் இருக்கிறது: வரப்போரம் ஏக்கருக்கு 50 கன்று, வயலுக்குள் 160 கன்று, உழவன் செயலியில் பதிவு. உயிரோடு நிற்கும் கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று அந்தத் திட்டத்தில் வைத்தார்கள். தொகை சிறியது. ஆனாலும் பிழைத்த கன்றுக்குப் பணம் என்ற முறை சரியானது, நகரத்து நிதிகளிலும் அது வர வேண்டும்.

நகரச் சங்கங்களுக்கு நடைமுறையில் எளிதில் கிடைப்பது நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று சொல்லும் அட்டவணை 7-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இருக்கிறது. இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் மரத்தைக் கொல்கின்றன. இரண்டையும் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ‘மார்ச் 31-க்குள் முழுப் பணத்தையும் செலவழித்தாக வேண்டும்’ என்பது. ஜனவரியில் ஒப்புதல் வரும், மார்ச்சுக்குள் பில் வேண்டும் என்பார்கள். விளைவு, மாசியில் குழிவெட்டிப் பங்குனியில் நடவு. சட்டம் இப்படிச் சொல்லவில்லை. ‘தொடர் திட்டம்’ என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை திட்டம் ஓடலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் செலவிட்டால் போதும். மூன்று கோடை என்று தலைப்பில் சொன்னது இந்தச் சட்டத்துக்குள் சரியாக அடங்குகிறது. ஆகவே விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே ‘தொடர் திட்டமாக ஒப்புதல் வேண்டுகிறோம்’ என்று எழுதி, ஆண்டுவாரியாகத் தொகையைப் பிரித்துக் காட்டுங்கள். நிறுவனங்கள் ஆண்டுத் திட்டத்தைப் பெரும்பாலும் நிதியாண்டின் தொடக்க மாதங்களில் முடிவுசெய்யும். சித்திரை, வைகாசியில் விண்ணப்பம் போனால் ஆடிக்குள் ஒப்புதல், ஆவணியில் குழி, ஐப்பசியில் நடவு என்று மழையோடு பொருந்தி வரும்.

இரண்டாவது, ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, ஆகவே காவலாளி சம்பளம், தண்ணீர் ஊற்றும் ஆள் கூலியெல்லாம் தர முடியாது’ என்பது. அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணிகளைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவரின் கூலி திட்டச் செலவு. பட்ஜெட்டில் ‘பராமரிப்பு’ என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் கணக்குப் பிரிவு அதை வெட்டிவிடும். ‘500 கன்று, மாதம் 10 ஆள் நாள், 36 மாதம், 360 ஆள் நாள்’ என்று எழுதுங்கள்.

நிதி வாங்கும் அமைப்புக்கு என்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு, அல்லது பதிவுபெற்ற அறக்கட்டளை; பான் எண்; இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு; வருமான வரிச் சலுகைப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்று அறியப்படுபவை); சி.எஸ்.ஆர். நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு; இத்தகைய பணியில் மூன்றாண்டு அனுபவம். ஆண்டு அறிக்கையை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்கள் ஏராளம். நிதி கேட்கும் நேரத்தில்தான் இது தெரியவரும். புதிய சங்கத்துக்கு மூன்றாண்டு அனுபவம் இருக்காது. அப்போது நிறுவனமே நேரடியாகத் திட்டத்தை நடத்தி டேங்கர்காரருக்கும் நாற்றங்காலுக்கும் பணம் தரட்டும், சங்கம் மேற்பார்வை பார்க்கட்டும் என்று கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் பணம் அனுப்பும்போது கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. ‘அண்ணன் அமெரிக்காவிலிருந்து போட்டுவிட்டார்’ என்று கணக்கில் ஏறியபின் திருத்துவது பெரும் தலைவலி. ஏறுவதற்கு முன்பே எந்த பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள்.

மரம் தேர்வில் நம் ஊர்ப் பெயர்களே வழிகாட்டி. மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர். உசிலம்பட்டியில் உசில், விளாங்குடியில் விளா. தண்ணீர் ஊற்றாமல் எது பிழைக்கும் என்று பார்க்க, 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கோ, 2025-இல் அறிவிக்கப்பட்ட நத்தம் பக்கத்துக் காசம்பட்டிக் கோயில்காட்டுக்கோ ஒரு நாள் போய் வாருங்கள். பொட்டல் செம்மண்ணுக்கு உசில், வேம்பு, ஆத்தி, வன்னி. திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலுக்குப் புங்கை, வேம்பு, வாகை. ஈரம் நிற்கும் வாய்க்காலோரம் மருது, நாவல், கடம்பு, பூவரசு. மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, பவளமல்லி, நெல்லி போன்ற சிறுமரங்கள் மட்டும். இதை மீறினால் ஆண்டுக்கு இரண்டு முறை மின்வாரியத்தார் மொட்டையடிப்பார்கள், அதில் அவர்கள் மேல் குற்றமில்லை. ஆல், அரசு, அத்தியைச் சுவருக்கும் குடிநீர்க் குழாய்க்கும் முப்பதடி தள்ளி வைக்க வேண்டும். சீக்கிரம் வளரும் என்று குல்மொகரையும் தூங்குமூஞ்சியையும் தெருவோரம் வைத்தால் காற்றுக்கு முறிந்து வண்டிமேல் விழும். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் கூடவே கூடாது. ஒரே இனத்தை 500 வைக்காதீர்கள். வேம்பில் நுனிக்கருகல் வந்தால் மொத்தத் திட்டமும் ஒரே பருவத்தில் கருகும். எந்த இனமும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கன்று வாங்கும்போது பத்துக்கு ஒன்றாகப் பையைக் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியில் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்த லாட்டே வேண்டாம். மேலே செழிப்பாகத் தெரிந்தாலும் நான்காம் ஐந்தாம் ஆண்டில் காற்றுக்குச் சாயும். 500 நட 600 வாங்குங்கள். மீதி நூறைப் பெரிய பைக்கு மாற்றி நிழலில் வளர்த்து வந்தால், அடுத்த ஆண்டு மாற்று நடவுக்கு அதே வயதுக் கன்று கையில் இருக்கும். புதுக்கன்று வாங்கி வைத்தால் பெரிய கன்றுகளின் நிழலில் அது குன்றிப்போகும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் இரண்டடி. கடினமான இடத்தில் மூன்றடி. ஆவணியிலேயே வெட்டி ஆறவிட வேண்டும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவித்து, மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்புவது. மக்காத சாணி போட்டால் கரையானை நாமே கூப்பிட்டதாகும். டிராக்டரில் பொருத்திய துளைக்கருவியால் குழி போடுவது மலிவு. ஆனால் கரிசலில் குழிச்சுவர் வழவழவென்று இறுகி, உள்ளே நட்ட கன்று தொட்டியில் வைத்தது போல ஆகும். வேர் வெளியே போகாமல் சுற்றும். கடப்பாரையால் நான்கு பக்கமும் கொத்திவிட்டால் சரியாகிவிடும். அதற்கும் கூலி எழுதுங்கள். பையோடு நடுவது இன்னும் நடக்கிறது. நடவு முடிந்ததும் கிழித்த பைகளை எண்ணி, 500 கன்றுக்கு 500 பை வந்ததா என்று பார்ப்பது ஒன்றே இதற்கு மருந்து.

இரும்புக் கூண்டும் பெரிய செலவு. திருட்டும் போகும். ஆடு மாடு வரும் வெளிப்பகுதியில் மூங்கில் தட்டியைச் சுற்றிச் சீமைக்கருவேல முள் கட்டினால் அதே பாதுகாப்பு, பத்தில் ஒரு பங்கு செலவு. கூண்டில் நிதி கொடுத்தவர் பெயர் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். வளாக முகப்பில் ஒரு கல்பலகை வைத்துச் சம்மதிக்க வைக்க முயலுங்கள். இரும்புக் கூண்டு வைத்தவர்கள் மூன்றாம் ஆண்டு அதை அகற்ற ஆகும் கூலியையும் சேர்க்க வேண்டும். அகற்றாத கூண்டு அடிமரத்துக்குள் புதைந்து மரத்தை நெரிப்பதை நகரில் எத்தனையோ சாலைகளில் பார்க்கலாம்.

மியாவாக்கி முறை பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கமாக நடுவார்கள். எண்ணிக்கையில் காட்ட எளிது என்பதால் நிதி தருபவர்களுக்கு இது பிடிக்கிறது: அரை ஏக்கரில் ஆறாயிரம் கன்று என்று அறிக்கை எழுதலாம். ஆழமாக மண்ணைப் புரட்டி எருவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து தண்ணீர் விட்டால் நன்றாக வரும். ஆழ்துளைக் கிணறும் வேலியும் உள்ள கல்லூரி வளாகத்துக்கு ஏற்றது. லாரித் தண்ணீரை நம்பிய இடத்தில் அந்த ஆறாயிரமும் ஒரே வைகாசியில் போகும். தெருவுக்கும் கண்மாய் ஓரத்துக்கும் நிழல்தரும் தனிமரம் போதும்.

பணம் வந்த பிறகு கணக்கு. ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பேரேடு. முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. ஒப்புதல் கடிதத் தேதிக்கு முந்தைய பில் எதையும் ஏற்க மாட்டார்கள். ஆர்வத்தில் முன்கூட்டிக் குழிவெட்டினால் அந்தக் கூலி சங்கத்தின் தலையில். டேங்கர் பில்லில் வண்டி எண், தேதி, லிட்டர், இறக்கிய இடம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இருக்க வேண்டும். ‘தண்ணீர் செலவு ஏப்ரல் மாதம்’ என்று ஒற்றைத் துண்டுச்சீட்டு வைத்தால் ஆடிட்டர் தள்ளிவிடுவார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுக்கக் கூடாது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் வருவாய் முத்திரைத் தலை ஒட்ட வேண்டும். ஒரே பில்லை இரண்டு நிதிக்குக் காட்டுவது, தெரியாமல் நடந்தாலும், சங்கத்தின் பெயரைக் கெடுக்கும். பில்லின் மேலேயே எந்த நிதி என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் இது நேராது. மத்திய அரசு மானியமென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் பொது நிதி விதிகளின் (ஜி.எஃப்.ஆர்.) 12-ஏ படிவத்தில், மானியத்துக்கு வங்கி தந்த வட்டியையும் அதில் காட்ட வேண்டும்.

கன்றுக்கும் பேரேடு வேண்டும். எண், இனம், இடம், நட்ட தேதி, உயரம், நிலை. நிலைக்கு மூன்றே சொல்: உயிர், வாடல், பட்டது. அலுமினியத் தகட்டில் எண் பொறித்துக் கூண்டிலோ ஊன்றுகோலிலோ மாட்டுங்கள். கன்றில் கம்பியால் கட்டாதீர்கள், இறுக்கும். ஜனவரி கடைசி, ஜூன் கடைசி, செப்டம்பர் கடைசி என்று ஆண்டுக்கு மூன்று கணக்கெடுப்பு. ஜனவரியில் எல்லாமே பச்சையாக இருக்கும்; உண்மை தெரிவது ஜூன் கணக்கில். அதே கன்று, அதே கோணம், தேதியும் இடக்குறியும் பதிந்த படம். பட்டுப்போனதை மறைத்து நூற்றுக்கு நூறு என்று எழுத வேண்டாம். 500-இல் 410 உயிர், 60 வாடல், 30 பட்டது. பட்டதில் 18 மேற்கு ஓரம், ஆடு கடித்தது என்று எழுதும் அறிக்கையைத்தான் விவரம் தெரிந்தவர் நம்புவார். மேற்கு ஓரத்துக்கு வேலி கேட்கும் அடுத்த விண்ணப்பத்துக்கும் அதுவே ஆதாரம்.

நிதி தருபவர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. முழுத்தொகையை நடவன்றே கொடுத்துவிட்டு விலகாதீர்கள். குழி, கன்று, வேலி, நடவுக்கு 40 சதவீதம். மீதியை மூன்று பங்காக்கி, ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன், ஜனவரிக் கணக்கெடுப்பு வந்ததும் கொடுங்கள். ஜூன் கணக்கெடுப்பைச் சங்கத்தார் மட்டும் எடுக்காமல் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறை அல்லது நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எடுக்கட்டும். மரம் வளர்ப்பவர் கணக்கில் வரவுப் புள்ளி வைக்கும் மத்திய அரசின் பசுமை வரவுத் திட்டமே 2025 ஆகஸ்டில் மாறிவிட்டது: குறைந்தது ஐந்தாண்டு வளர்த்து, 40 சதவீத விதான அடர்த்தி (கிளைகளும் இலைகளும் நிலத்தை மூடும் அளவு) வந்தபின், ஐந்து வயது தாண்டிய மரத்துக்குத்தான் வரவு. மதுரையில் நிதி தரும் நிறுவனங்கள் மூன்றாண்டாவது காத்திருக்கலாம்.

மாநகராட்சியிடம் ஒன்று கேட்கிறோம். நூறு வார்டிலும் உள்ள பூங்கா ஒதுக்கீட்டு நிலங்களைச் சர்வே எண், பரப்பு, தானப் பத்திர எண், தண்ணீர் வசதி உண்டா இல்லையா என்ற விவரத்தோடு பட்டியலாக ஒவ்வோர் ஆண்டும் சித்திரைக்கு முன் வெளியிட வேண்டும். விண்ணப்பிக்கும் சங்கங்கள் நிலத்துக்காக அலையும் மாதங்கள் மிச்சமாகும். அந்த ஆண்டு மழைக்குள் நட்டுவிடலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். நடவுப் படம் வெளியிடும்போது கன்றின் எண்ணையும் இடத்தையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று உங்கள் புகைப்படக்காரரை அதே எண்ணுக்கு அனுப்பி, இருப்பதை இருக்கிறபடியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கே.கே.நகர், மதுரை.